ட்ரான்ஸ்பர் கேசுக்குத் தமிழில் என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து:

மாருதி ஜிப்ஸி கிங் வண்டியின் ட்ரான்ஸ்பர் கேசுக்குள் (கியர் பாக்சிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெட்டி) வண்டியை இன்னும் மெதுவாக ஊர வைக்கும் 4.16 கியர் செட் மாற்றும் முறை தமிழில் கையேடாகத் தயாராகிறது. தலைப்பிலேயே முட்டுக்கட்டை. இதுவரை கையில் உள்ள சொற்கள் மாற்றுப்பெட்டி, பங்கீட்டுப் பெட்டி, துணைப் பல்லிணைப் பெட்டி. முதலாவது கியர் பாக்சையே குறிப்பதுபோல ஒலிக்கிறது. ‘மாற்றுப்பெட்டி வாங்கிட்டு வா’ என்றால் கடைக்காரர் ஸ்பேர் பெட்டியைத் தருவார். மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் பாபநாசம் பஸ் போய்விடும். பங்கீட்டுப் பெட்டிதான் தேறும் என்று தோன்றுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையில் ஆறு வடகாலுக்கும் தென்காலுக்கும் பிரிவதுபோல, எஞ்சின் விசை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிகிறது அல்லவா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

> விசை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிகிறது

பிரியவில்லை அண்ணாச்சி, இங்கேதான் இடிக்கிறது. ஜிப்ஸி, பழைய மகிந்திரா ஜீப் இரண்டும் பார்ட் டைம் வகை, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும். ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்றும். யாருக்கு எவ்வளவு விசை என்று இந்தப் பெட்டி அளந்து கொடுப்பதில்லை. முன்சக்கரம் சேற்றில் வழுக்கிப் பின்சக்கரம் பாறையைப் பிடித்திருந்தால் அநேகமாக முழு விசையும் பின்னாலேயே போகும். பங்கிடுகிற வேலை, இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்சியலுடையது. நடு டிஃபரன்சியல் உள்ள, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல் டைம் வண்டிக்கு வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தும்.

இது வெறும் சொல் தகராறு இல்லை. ‘பங்கீடு’ என்று படித்தவன் நாங்குநேரி நால்வழிச் சாலையிலும் ஃபோர் ஹை போட்டுக்கொண்டே போவான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், பெட்டியோ இரண்டையும் ஒரே சுற்றில் பிடித்து வைத்திருக்கிறது. மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் சறுக்காது. முறுக்கு தண்டுக்குள்ளேயே ஏறும், ஸ்டியரிங் இறுகும், லீவரை டூ ஹைக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) இழுத்தால் வராது. நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுத்தால்தான் விடும். பெயரே தப்பான பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

களக்காட்டிலிருந்து:

அப்படியானால் நுகப்பெட்டி! இரண்டு மாட்டையும் ஒன்றாகப் பூட்டுவது நுகம். டூ ஹை என்றால் ஒற்றை மாடு, ஃபோர் ஹை என்றால் ஜோடி. ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. கூடவே ஆக்சிலுக்கு ‘இருசு’ என்றே எழுதலாம். மாட்டுவண்டியோடு அந்தச் சொல்லையும் விறகாக்கிவிட்டோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

இருசுக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். நுகம் ஒத்துவராது. ஏர்க்கால் நுனியில் நடுவே கட்டிய கட்டை அது. ஒரு மாடு முந்தினால் நுகம் சாய்ந்துகொடுக்கும், மற்றது பின்தங்கும், இழுவை இரண்டிலும் ஏறத்தாழ சமம். கிட்டத்தட்ட டிஃபரன்சியலேதான். டிஃபரன்சியலுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். இங்கே சாயாத கட்டு வேண்டும்.

வள்ளியூரிலிருந்து:

பெட்டி செய்வது மூன்று வேலை. கியர் பாக்சிலிருந்து வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் இறக்குகிறது, இரண்டு இருசையும் பிணைக்கிறது, வேகத்தைத் தணித்து இழுவையைக் கூட்டுகிறது. பழைய ஜீப்பின் டேனா 18 பெட்டியில் ஹை 1:1, தணிப்பே கிடையாது. ஜிப்ஸி கிங்கில் ஹையே 1.409 மடங்கு தணிப்பு, இழுவை கூடிய மெதுநிலையான லோ 2.268. லோவே இல்லாத ட்ரான்ஸ்பர் கேசும் உண்டு. ஆக, வண்டிக்கு வண்டி மாறாத வேலை பிணைப்பதுதான். பிணைப்பெட்டி என்று வைக்கலாம்.

களக்காட்டிலிருந்து:

பிணைப்பெட்டியா? ஜாமீன் கையெழுத்துப் போட எந்தக் கோர்ட்டுக்கு வரணும்?

வள்ளியூரிலிருந்து:

சரி, இருசுப்பிணை. எதைப் பிணைக்கிறது என்பதும் சொல்லுக்குள் வந்துவிட்டது. ‘பெட்டி’ தேவையில்லை. ஹை, லோ இரண்டுக்கும் இயல்கதி, மெல்கதி.

பாளையங்கோட்டையிலிருந்து:

சொல்லைத் தனியே வைத்து அழகு பார்ப்பதைவிட வேலையில் விட்டுப் பார்ப்போம். வரைவிலிருந்து:

“ஜிப்ஸியில் இருசுப்பிணை கியர் பாக்சோடு ஒட்டியிராது, நடுவில் ஒரு குட்டைச் சுழல்தண்டு உண்டு. எனவே கியர் பாக்சைத் தொடாமலே இதை இறக்கலாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோமே என்று நம்ப வேண்டாம். இருசுப்பிணை நியூட்ரலில் இருந்தால், குட்டைத்தண்டைக் கழற்றினாலும் அப்படித்தான், கியர் வண்டியைப் பிடிக்காது.

முதலில் எண்ணெய் நிரப்பும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வடிதுளையைத் திறக்கவும். மேல்மூடி துருவேறிச் சிக்கியிருந்தால், வடித்த பெட்டியில் எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. மூன்று சுழல்தண்டுகளின் ஃபிளாஞ்சிலும் (முனையில் போல்ட் பூட்டும் தட்டு) குறுக்கே கோடு கீறிவிட்டுக் கழற்றவும். திரும்பப் பூட்டும்போது கோடு தவறினால் வேகத்தில் வண்டி அதிரும். ஸ்பீடோமீட்டர் கேபிள், ஃபோர் வீல் சுவிட்ச் ஒயர், லீவர் ஆகியவற்றை விடுவித்து, ஜாக்கில் தாங்கியபடி மூன்று ரப்பர் மவுண்டுகளையும் கழற்றி இறக்கவும்.

பெட்டியைப் பிளக்கும்போது ஷிஃப்ட் தண்டை நிறுத்திவைக்கும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் தெறிக்கும், துணி விரித்து எண்ணி வைக்கவும். எந்த ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிக்கொள்ளவும். எல்லா ஆயில் சீல்களும் இடைத்தண்டின் ஓ-ரிங்கும் புதிது போடவும். சில செட்டுகளின் பெரிய பற்சக்கரம் பெட்டியின் உள்சுவரில் உரசும். மூடுமுன் ஒவ்வொரு நிலையிலும் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவும். உரசும் இடத்தை மட்டும் அரைத்து, பொடி ஒரு துளி இல்லாமல் கழுவவும். அலுமினியப் பொடி காந்தத்தில் ஒட்டாது, நேரே பேரிங்கைத் தின்னும். எண்ணெய் ஜி.எல்.4 தரத்தில் 80டபிள்யூ90, நிரப்புத் துளையின் விளிம்பில் வழியும்வரை.”

அம்பாசமுத்திரத்திலிருந்து:

படிக்க இடறவில்லை. இரண்டு சேர்க்க வேண்டும்.

ஒன்று கணக்கு. முதல் கியர் 3.652, இருசில் 3.9 என்று வைத்தால், மெல்கதியில் மொத்தத் தணிப்பு இப்போது 32 சொச்சம். மெல்கதியை 2.268லிருந்து 4.16 ஆக்கும் இந்தச் செட்டைப் போட்டால் 59. 27 அங்குல டயரில், எஞ்சின் 800 சுற்றில் மணிக்கு 3.2 கி.மீ. போன வண்டி 1.75க்கு இறங்கும். கல்லும் பள்ளமும் உள்ள மலைத்தடத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கலாம். தேரிக்காட்டுச் செம்மணலில் இதற்கு வேலையில்லை. அங்கே சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் வண்டி மிதந்து போகும், மெல்கதியில் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். இயல்கதியும் 1.409லிருந்து சுமார் 1.58 ஆகும். 30 அங்குல டயர் போட்டவர்களுக்கு அது சரியான ஈடு. ஸ்டாக் டயரில் நெடுஞ்சாலையில் எஞ்சின் சும்மா கத்தும், பெட்ரோலும் கூடப் போகும். பெரிய டயர் போடாதவர்களுக்கு இந்தச் செட்டே வேண்டாம் என்பேன். ஸ்பீடோமீட்டர் பின் தண்டிலிருந்து ஓடுவதால் கியர் செட் அதைப் பாதிக்காது, டயர்தான் பாதிக்கும்.

இரண்டாவது உடைசல். மெல்கதியில் இருசுக்குப் போகும் முறுக்கு 1.83 மடங்காகிறது. முதலில் பலியாவது ரப்பர் மவுண்ட். கிழிந்தால் இருசுப்பிணை முறுக்கிக்கொண்டு எழும்பித் தரைத்தகட்டில் இடிக்கும், லீவர் தானாக நியூட்ரலுக்கு நழுவும், அதுவும் ஏற்றத்தின் நடுவில். மூன்றையும் புதிதாகப் போடாமல் பெட்டியை மேலே ஏற்றக் கூடாது. மவுண்ட் தாங்கினால் அடுத்து முன்னிருசின் ஜாயிண்ட். முழு ஸ்டியரிங் ஒடித்த நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது உடையும். சக்கரத்தை நேராக்கிவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

களக்காட்டிலிருந்து:

மலைத்தடம் என்று சும்மா எழுதிவிடாதீர்கள் அண்ணாச்சி. புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை இறக்கச் சொன்னதாக ஆகிவிடும். ‘பட்டா நிலத்துக் கல்தடம்’ என்று போடுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, ‘இயல்கதி’யில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. டூ ஹை, ஃபோர் ஹை இரண்டுமே இயல்கதி என்றால் லீவர் குமிழில் என்ன எழுதுவது?

வள்ளியூரிலிருந்து:

இருசின் எண்ணிக்கையை முன்னால் வைக்கலாம்: ஓரிருசு இயல்கதி, ஈரிருசு இயல்கதி, ஈரிருசு மெல்கதி. குமிழில் ‘ஓ.இ., ஈ.இ., ந., ஈ.மெ.’ ‘ந.’ என்றால் நியூட்ரல்.

பாளையங்கோட்டையிலிருந்து:

கையேட்டில் அப்படியே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ட்ரான்ஸ்பர் கேஸ்’ என்றும். பாகப் பட்டியலில் ட்ரான்ஸ்பர் கேஸ் மவுண்ட் 3, ஆயில் சீல் செட் 1 என்று கடைச்சொல்லே இருக்கட்டும், கவுண்டரில் நின்று யாரும் இலக்கணம் பேச முடியாது. டிஃபரன்சியலுக்கு ‘நுகம்’ சரியா என்பதைத் தனி இழையில் எடுப்போம்.