பனியன் கம்பெனிப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை: எந்த நாட்டு முறை ஒத்து வரும்?

பல்லடம் தொழிலாளர் நலம்:
வணக்கமுங்க. திருப்பூர், பல்லடம் பக்கத்துக் கம்பெனிகள்ல 30 வயசு தாண்டின பெண்களுக்குப் பரிசோதனை நடத்தப் போறோம். ஆஸ்திரேலியா மாதிரி எச்.பி.வி. டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்குற வைரஸ் இருக்கான்னு பார்க்கிறது) வைக்கலாமா, கர்ப்பப்பை வாயில அசிட்டிக் அமிலம் தடவி வெளுக்குதான்னு பார்க்கிறதே போதுமா? நிறையப் பேர் ஒடிசா, பீகார்க்காரங்க, அடிக்கடி ஊர் மாறுவாங்க.

ஈரோடு சமூக மருத்துவம்:
ஆஸ்திரேலியாவுக்கு முன்னாடி ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையைப் பாருங்க. திண்டுக்கல் மாவட்டத்துல 30 முதல் 59 வயசுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே அமிலம் தடவிப் பார்த்தாங்க. ஒரே தடவை பார்த்ததுக்கே புதுசா நோய் வர்றது 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைஞ்சுதுன்னு 2007ல லான்செட் இதழ்ல வந்துச்சு. அமிலம் மட்டும் காரணமில்லீங்க. சந்தேகம்னு பட்டவங்களுக்கு அதே வருகையில கால்போஸ்கோபி (பெரிசாக்கிக் காட்டுற கருவியில பார்க்கிறது), பயாப்ஸி (சதை எடுத்துச் சோதிக்கிறது), தகுந்தவங்களுக்குக் க்ரையோ சிகிச்சை (உறைய வச்சு அழிக்கிறது) வரைக்கும் முடிச்சாங்க.

ஆஸ்திரேலியாவுல 2017 டிசம்பர்லருந்து அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எச்.பி.வி. டெஸ்ட். அதைத் தாங்குறது தேசியப் பதிவேடு. பாசிட்டிவ் வந்தவங்க மேல்பரிசோதனைக்குப் போனாங்களான்னு அது விடாமத் துரத்தும். அது இல்லாம டெஸ்டை மட்டும் எடுத்துட்டு வந்தா, ரிசல்ட் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு ஊருக்கு ரயில் ஏறியிருக்கும். உங்க ஆட்களுக்கு ஒரே நாள் முறைக்குத்தான் என் ஓட்டு.

செவிலியர் பயிற்றுநர், கோவை:
கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மில்லியை 95 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல ஊத்திக் கலக்கணும். அன்னன்னிக்குக் கலந்து, மீந்ததைச் சாயங்காலம் கொட்டிடுங்க. கலக்காத அமிலம் பட்டா சதை வெந்துபோகும், அந்த பாட்டில் பரிசோதனை அறைக்குள்ளயே வரக்கூடாது.

பஞ்சுல நனைச்சுத் தடவினதும் கடிகாரத்தைப் பார்த்து முழுசா ஒரு நிமிசம் விடணும். கூட்டம் அதிகமானா இங்கதான் கோட்டை விடுறாங்க. அவசரப்பட்டுப் பார்த்தா வெளுப்பே ஏறியிருக்காது. உருமாற்றப் பகுதியை (கர்ப்பப்பை வாயில ரெண்டு வகை செல்கள் சந்திக்கிற, புற்று பெரும்பாலும் ஆரம்பிக்கிற இடம்) ஒட்டி, ஓரம் தெளிவா, தடிப்பா நிக்கிற வெள்ளைத் திட்டுதான் பாசிட்டிவ். மங்கலா வந்து சீக்கிரம் கலையறது பெரும்பாலும் கிருமித்தொற்று, புண். மங்கின வெளிச்சத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 100 வாட் ஹாலஜன் விளக்கு வைங்க. 50 தாண்டினவங்களுக்கு அந்தப் பகுதி உள்ளே ஏறிடும். கண்ணுல படலைன்னா 'நார்மல்'னு எழுதிடாதீங்க, எச்.பி.வி. டெஸ்டுக்கு அனுப்புங்க.

சிகிச்சைக்கு க்ரையோவோட காஸ் சிலிண்டரைச் சுமக்க வேண்டாம். திட்டைச் சூடு வச்சு அழிக்கிற, பேட்டரியில ஓடற தெர்மல் அப்ளேஷன் கருவி இருக்கு. 100 டிகிரி, 20 முதல் 30 செகண்ட். திட்டு கர்ப்பப்பை வாயில முக்கால் பங்குக்கு மேல பரவியிருந்தாலோ, உள்ளே கர்ப்பப்பைக்குப் போற கால்வாய்க்குள்ள போனாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ தொடாதீங்க. அவங்களை ஆள் கூட அனுப்பிப் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்.

பல்லடம் தொழிலாளர் நலம்:
ரொம்ப நன்றிங்க. ஹாஸ்டல்ல இருக்கிற 22, 23 வயசுப் பொண்ணுங்களையும் சேர்க்கச் சொல்றாங்களே?

ஈரோடு சமூக மருத்துவம்:
வேண்டாமுங்க. அந்த வயசுல எச்.பி.வி. தொற்று சாதாரணம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருசத்துல தானாவே போயிடும். பரிசோதிச்சா தேவையில்லாத சிகிச்சையிலதான் முடியும். எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு மட்டும் 25லயே ஆரம்பிக்கணும்.

அந்தப் பணத்தைத் தொழிலாளர்களோட 9 முதல் 14 வயசு மகள்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசியாச் செலவு பண்ணுங்க. ருவாண்டா 2011லயே பள்ளிக்கூடத்துல போட்டுச்சு. பள்ளிக்கு வராத பிள்ளைகளைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பிடிச்சாங்க, 90 சதவீதத்தைத் தாண்டினாங்க.

இன்னொண்ணு, ரிசல்ட் எதுவும் சூப்பர்வைசர் கைக்குப் போகக்கூடாது. ஒடியா, இந்தி தெரிஞ்ச பெண் ஒருத்தர் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும். அவங்க சம்மதத்தோட சொந்த ஊர் உறவினர் ஒருத்தரோட செல் நம்பரையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கங்க.