மண்புழுச் சோதனை: தவிர்ப்பா, விலகலா, ஒதுங்கலா?

வணக்கம்.

பெங்களூர் மாணவர்களுக்கான மண் மாசுக் கையேட்டு வரைவில், 48 மணி நேர மண்புழுச் சோதனைக்குத் ‘தவிர்ப்புச் சோதனை’ என்று பெயர் இருக்கிறது. இது வேண்டாம். படிப்பவர் ‘தவிர்க்க வேண்டிய சோதனை’ என்றே முதலில் கொள்வார். ‘விலகல்’ என்று போட்டால், அதே அட்டவணையில் வரும் திட்ட விலக்கத்தோடு (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற புள்ளியியல் அளவு) குழம்பும்.

புழு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெட்டியின் நடுவே தடுப்புத் தகடு. ஒரு பக்கம் உலோகம் கலந்த மண், மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாசில்லா ‘ஒப்பீட்டு மண்’. இரண்டும் சுமார் 5 செ.மீ. உயரம். தகட்டை உருவிவிட்டு, அந்தக் கோட்டின்மேல் கிளைடெல்லம் (முதிர்ந்த புழுவின் உடலில் தெரியும் தடித்த வளையம்) நன்கு தெரியும் 10 ஐசீனியா ஃபெட்டிடா இன மண்புழுக்களை விடுகிறோம். பிடிக்காத பக்கத்திலிருந்து அவை ஒதுங்குகின்றன. ஆகவே ‘ஒதுங்குசோதனை’. வினைத்தொகை என்பதால் சுடுசோறு போல நடுவில் ஒற்று மிகாது.

——

ஐயா, ஊர்ப்பக்கம் ‘ஒதுங்கப் போவது’ என்றால் வேறு பொருள். வகுப்பில் சிரிப்பார்கள். அதைவிட முக்கியமான தயக்கம் ஒன்று உண்டு. புழு ஒதுங்கியது உலோகத்துக்காகத்தான் என்று இந்தப் பெயர் நம்பவைத்துவிடாதா? பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிச் சேற்றில் பல்லாண்டுக் கழிவுநீரின் மட்கு நிறைய. பக்கத்தில் மட்கு குறைந்த செம்மண்ணை ஒப்பீடாக வைத்தால், உலோகம் இருந்தாலும் புழு சேற்றுக்கே போகலாம். அமில காரநிலை, உப்பு, ஈரம் எது மாறினாலும் இதே சிக்கல்தான்.

——

அம்மா, மழைக்கு ஒதுங்குகிறோம், வண்டிக்கு ஒதுங்குகிறோம். காரணம் எதுவானாலும் வினை ஒன்றே. ‘ஒதுங்கு’ காரணத்தைச் சொல்லாது, நகர்வை மட்டும் சொல்லும். அதனால்தான் அது சரியான சொல் என்கிறேன். காரணத்தைச் சோதனை அமைப்புதான் காட்ட வேண்டும்: ஒப்பீட்டு மண்ணின் மட்கும் அமில காரநிலையும் மாசு மண்ணோடு ஒத்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே மண்ணை நிரப்பிய பெட்டிகளும் கட்டாயம் வேண்டும். அவற்றில் புழுக்கள் 40-க்கு 60 என்ற அளவைத் தாண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சமோ ஈரமோ சீராக இல்லை, சோதனையே செல்லாது.

கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. ஒப்பீட்டு மண்ணில் 8, மாசு மண்ணில் 2 என்றால் வித்தியாசம் 6. மொத்தப் புழுக்கள் பத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ‘ஒதுங்கு விழுக்காடு’ 60. கணக்கு எதிர்க்குறியில் வந்தால் ஒதுங்கல் இல்லை என்றே எழுத வேண்டும். மாசு மண்ணில் சராசரியாக 20 விழுக்காட்டுக்கும் குறைவான புழுக்களே இருந்தால் அந்த மண்ணின் ‘வாழிடத் தகுதி’ குன்றியது.

‘உலோக’ என்ற முன்னொட்டை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். புழு உடலில் சேர்ந்த உலோகத்தை அளப்பது தனிச் சோதனை. அதற்குப் புழுவை ஈர வடிதாளில் ஒன்றிரண்டு நாள் வைத்துக் குடல் மண்ணைக் கழிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணிலுள்ள உலோகமும் கணக்கில் ஏறிவிடும். அதை ‘உடற்சேர்மம்’ என்று வரைவில் எழுதியிருப்பது தவறு. சேர்மம் வேதியியலில் வேறு பொருள். ‘உடற்சேர்க்கை’ போதும்.

இறுதியில் தகட்டைத் திரும்பச் செருகும்போது வெட்டுப்படும் புழுவை, துண்டின் நீளம் பாராமல், பக்கத்துக்கு அரையாக எண்ண வேண்டும். இது வரைவில் விடுபட்டிருக்கிறது; சேர்த்துவிடுங்கள்.