தரம் 2 பிள்ளைகளுக்குப் பொங்கல் படம்: எதை நிறந்தீட்டக் கொடுக்கலாம்?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
வணக்கம். தைப்பொங்கலை முன்னிட்டு என் வகுப்புக்கு நிறந்தீட்டும் தாள்களைத் தயாரிக்கிறேன். கடந்த ஆண்டு நுணுக்கமான கோலமொன்றைக் கொடுத்தபோது, பலர் பாதியிலேயே சோர்ந்துவிட்டார்கள். ஆறு, ஏழு வயதினருக்கு எத்தகைய படம் பொருந்தும்?

கல்முனை ஆசிரியர்:
அன்புள்ள ரீச்சர், அந்த வயதில் விரல்களின் கட்டுப்பாடு இன்னும் முழுமையடையாததால், சிறிய கட்டங்களுக்குள் நிறம் நிற்காமல் வெளியே போவது இயல்பே. அது பிள்ளையின் கவனக்குறைவன்று. பானை, கரும்பு, சூரியன் ஆகிய மூன்றை மட்டும் தடித்த கோட்டில், தாள் நிறையப் பெரிதாக வரைந்து கொடுங்கள். எண்ணெய்ப் பஸ்டலால் அழுத்தித் தீட்டிய பின் நீலநிற நீர்வர்ணத்தை மேலே பூசச் செய்தால், பஸ்டல் பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் வானம் மட்டும் நீலமாவதைப் பிள்ளைகள் வியந்து பார்ப்பார்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியை:
நாங்கள் நோன்புப் பெருநாளுக்குப் பிறையையும், நத்தாருக்கு நட்சத்திரத்தையும், வெசாக்குக்கு வெளிச்சக்கூட்டையும் இவ்வாறே பெரிதாக வரைந்து கொடுக்கிறோம். சூரியனை எல்லோரும் மஞ்சளாகவே தீட்ட வேண்டுமென்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. பானையை வரைந்துவிட்டேன், கோலத்தை முற்றத்தில் அரிசிமாவால் போட விடப்போகிறேன்.