கொறங்காட்டு அறிவைப் பாடமாக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயம் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். முள்கிளுவை உயிர்வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து வறட்சியிலும் நம் மாடுகளைக் காக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை எங்கள் வட்டாரப் பாடமாக எழுதிவருகிறேன். 1835-இல் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி மெக்காலே இந்நாட்டு அறிவைத் தாழ்த்தி எழுதிய குறிப்பின் நிழல் இன்னும் வகுப்பறையில் இருப்பதாகவே கருதுகிறேன். வேலியில் பழுதான இடத்தில் கிளுவைப் போத்து (நடுவதற்காக வெட்டிய கிளை) ஊன்றத் தெரிந்த மாணவி, அதுவும் அறிவியல்தான் என்று நம்பத் தயங்குகிறாள்.

போத்து நடும் பருவம், காடு மாற்றி மேய்க்கும் முறை, புல் வகைகளின் வட்டாரப் பெயர்கள் ஆகியவற்றை அறிந்த பெரியவர்களிடம், குறிப்பாக நிலமில்லாவிட்டாலும் காலமெல்லாம் ஆடுமாடு மேய்த்தவர்களிடம் (அவர்களை யாரும் கேட்பதேயில்லை), கேட்டுக் குரல்பதிவாக அனுப்பி உதவுங்கள். அவர்கள் ஒப்புதல் தந்தால், சொன்னவர் பெயருடனேயே பாடத்தில் சேர்ப்பேன்.