மறு: 'உரல் சுருக்கி' – சொல்லும் சேவையும்

அன்புடையீர்,

நீண்ட இணைய முகவரிக்கு (URL) ஈடாக ஒரு குறுமுகவரி தரும் சேவைக்கு (URL shortener) 'உரல் சுருக்கி' என்னும் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. தேவை உண்மைதான். தமிழ் விக்கிப்பீடியாவின் 'வேலூர்' பக்க முகவரியைப் படியெடுத்து ஒட்டினால், ஊர்ப்பெயர் மட்டுமே 54 இடங்களை அடைத்துக்கொள்கிறது. மூன்றே எழுத்துள்ள அப்பெயர் ஒருங்குறியில் (யுனிகோடு) ஆறு குறிகளாகி, ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் எழுத்தோ எண்ணோ ஆன இரண்டு குறிகளுமாக விரிவதே காரணம்.

ஆனால் சேவை எதையும் சுருக்குவதில்லை. முன்பு கடித உறைகளில் 'வ.ஆ. மாவட்டம்' என்று எழுதுவோமே, அது சுருக்கம். 1989இல் மாவட்டம் பிரிந்த பின்னும் அவ்விரண்டு எழுத்துகளைப் பார்த்ததும் வடஆர்க்காடு என்று தபால்காரருக்குத் தெரியும். இங்கோ, குறுமுகவரியின் ஆறேழு எழுத்துகளை எப்படி உற்றுப் பார்த்தாலும் மூல முகவரி கிடைக்காது. அது சேவையை நடத்தும் நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது; கேட்டவரை அங்கிருந்து மூல முகவரிக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

பதிவேடு மூடப்பட்டால் கதை முடிந்தது. 2009இல் தொடங்கிய கூகுளின் சேவை 2019இல் புதிய குறுமுகவரிகள் தருவதை நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்டில் செயலிழக்கும் என அறிவித்துவிட்டு, பிறகு புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தது. ஆகவே, விக்கிப்பீடியாப் பக்கங்களுக்கு விக்கிமீடியா தானே நடத்தும் சேவையைப் பயன்படுத்துவதே நல்லது: பக்கத்தையும் பதிவேட்டையும் வைத்திருப்பது ஒரே அமைப்பு. அது பிற தளங்களின் முகவரிகளை ஏற்காது. அவற்றுக்கு 2002 முதல் இயங்கும் டைனியுஆர்எல் போதும். எதுவாயினும், மடலின் அடியில் முழு முகவரியையும் இட்டுவிட வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். 'குறுஞ்சுட்டி' அழகுதான், ஆனால் சுட்டியை மவுசுக்குக் கொடுத்துவிட்டோம். விக்கிப்பீடியர் ஆளும் 'வழிமாற்று' (redirect) சேவையகம் செய்யும் செயலைக் குறிக்கிறதே தவிர, நாம் பகிரும் முகவரியை அன்று. நான் முன்வைப்பது 'கைகாட்டி முகவரி'. சாலை பிரியுமிடத்தில் நிற்கும் கைகாட்டி ஊரைச் சுருக்கி வைத்திருப்பதில்லை, திசையைத்தான் காட்டுகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் ஊர் இருந்தும் வழி தெரியாது. காட்பாடிப் பக்கத்தவர்களுக்குக் கைகாட்டி என்றதும் ரயில் சிக்னலே நினைவுக்கு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் (எனக்கும் அப்படித்தான்). 'முகவரி' சேர்ந்து வருவதால் அக்குழப்பம் நீங்கும் என்று கருதுகிறேன். சேவைக்குத் தனிச்சொல் வேண்டாம். 'கைகாட்டி முகவரிச் சேவை' என்றே எழுதலாம்.