டேனிஷ் ‘ஸ்டவ்ன்ஸ்போன்’: கொத்தடிமையா, ஊர்த்தளையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டென்மார்க்கின் பொருளாதார வரலாறு பற்றி எழுதும் கட்டுரைக்காக ‘ஸ்டவ்ன்ஸ்போன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். குடியானவ ஆண்களைப் பிறந்த பண்ணையை விட்டு நகரவிடாமல் கட்டிவைத்த பழைய டேனிஷ் சட்டத்தின் பெயர் அது. இருவர் ‘கொத்தடிமை முறை’ என்றீர்கள், ஒருவர் ‘பண்ணையடிமை’ என்றார். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை.

கொத்தடிமை என்றதும் நமக்குக் கடன்தான் நினைவுக்கு வரும். முன்பணம் வாங்கியவர் குடும்பத்தோடு செங்கல் சூளையில் கிடப்பார். இங்கே கடன் என்ற பேச்சே இல்லை. 1733இல், மன்னர் ஆறாம் கிறிஸ்தியான் காலத்தில் வந்த ஆணை இது. அப்போது தானியத்துக்கு விலை இல்லை, பண்ணைகளில் ஆள் தங்கவில்லை, அரசுக்கோ படைக்கு ஆள் வேண்டும். அதனால் குடியானவ வீட்டு ஆண்கள் 14 வயது முதல் 36 வயது வரை பிறந்த பண்ணையை விட்டுப் போகக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். 1764இல் அது 4 முதல் 40 வயது வரை என்று நீண்டது. நாலு வயதுப் பிள்ளை! பட்டாளத்துக்கு யார் போவது என்பதைப் பண்ணையார் முடிவு செய்வார். பாழடைந்த குத்தகை நிலத்தை ஏற்க மாட்டேன் என்பவனைப் படைக்கு அனுப்பிவிடுவார். காசு கொடுத்து விடுப்புச் சீட்டு வாங்கினால் வெளியே போகலாம். பெண்களை இந்த ஆணை கட்டவில்லை. கொடுமைதான், ஆனால் ஆளை விற்று வாங்கும் அடிமைமுறை அல்ல.

சரி, சொல்லைப் பிரிப்போம். ‘யெம்ஸ்டவ்ன்’ என்றால் டேனிஷில் சொந்த ஊர். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று நாம் கேட்கிறோமே, அந்த ஊர்தான் ‘ஸ்டவ்ன்’. ‘போன்’ என்பது கட்டு. முதலில் ‘ஊர்க்கட்டு’ என்று எழுதி, அப்புறம் அழித்துவிட்டேன். ஊர்க்கட்டுப்பாடு என்றால் ஊர் கூடி ஒருவரை விலக்கிவைப்பதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘பிணை’ போட்டால் ஜாமீன் ஆகிவிடும்.

‘தளை’ எனக்குப் பிடித்திருக்கிறது. மேயவிடும் கழுதைக்கு முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் தளை போடுவார்கள். அது தத்தித் தத்தி மேயும், தூரம் போகாது. டேனிஷ் குடியானவன் நிலை அச்சு அசல் இதுதான். ஆகவே ‘ஊர்த்தளை’. யாப்பில் வரும் தளையோடு குழம்புமா என்றால், குழம்பாது. முன்னால் ‘ஊர்’ நிற்கிறது.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. 1788 ஜூன் 20 அன்று வந்தது ‘ஊர்த்தளை நீக்கம்’. 14 வயதுக்குக் கீழும் 36க்கு மேலும் இருந்தவர்களுக்கு உடனே விடுதலை. எல்லோருக்கும் முழுதாக அவிழ 1800 ஆனது. அதன் நினைவாக எழுப்பிய தூண் கோபன்ஹேகனில் இன்றும் நிற்கிறது. (தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ் கொடி பறந்த அதே காலம் இது.)

இந்த ஒரு சொல்லுக்கு நான் இவ்வளவு மெனக்கெடக் காரணம், கட்டுரையின் மறுமுனை. 1882இல் டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்துப் பகுதியில், யெடிங் என்ற சிற்றூரில் அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. அதைப் பின்பற்றி எழுந்த கூட்டுறவுப் பால்பண்ணைகளில் வாக்கு, வைத்திருக்கும் மாட்டுக் கணக்கில் அல்ல, ஆளுக்கு ஒன்று. பிரிட்டனுக்கு வெண்ணெய் அனுப்பிய அந்தக் குடியானவர்களின் முப்பாட்டன்மார் ஊரைவிட்டு நகர முடியாதவர்கள். ‘அடிமை’ என்று எழுதினால் எந்தக் கட்டு அவிழ்ந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஆணை கட்டியது பண்ணை எல்லைக்குள்தானே, ‘பண்ணைத்தளை’தான் சரி என்று யாராவது சொல்லக்கூடும். சட்டப்படி அது நியாயம். ஆனால் அதில் பிறந்த இடம் என்ற பொருள் போய்விடுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.