தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன்: 14 வயதுத் தம்பிக்கும் 9 வயது மருமகளுக்கும் என்ன புத்தகம் வாங்கலாம்?

மஸ்கெலியாக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீடு மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில். தீபாவளிக்கு நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. உடுப்பெல்லாம் எடுத்துவிட்டேன். இந்த முறை 5,000 ரூபாவைப் புத்தகத்துக்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

தம்பி தரம் 9. போனை எடுத்தால் வைக்க மாட்டான். போன வருஷம் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு வாங்கிக் கொடுத்தேன். பொங்கலுக்குப் போனபோது பார்த்தால் அம்மா அதை அரிசி வாளிக்கு மூடியாக வைத்திருக்கிறார். அண்ணன் மகள் தரம் 4, அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. "கதப் புத்தகமெல்லாம் வேணாம், வினாத்தாள் கட்டு வாங்கிட்டு வா" என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார்.

நான் சின்ன வயதில் வாசித்தது மட்டை கிழிந்த அம்புலிமாமா இரண்டு மூன்றுதான். அதனால் கடைக்குள் போனால் எனக்குக் கண்ணைக் கட்டிவிடும். வயதுக்கு ஏற்ற மாதிரிப் பெயர் சொல்லுங்கள்.

நானுஓயா பையன்:

பொது அறிவுப் புத்தகம் ஒன்று, ஆங்கில அகராதி ஒன்று வாங்குங்க அக்கா. பின்னாடி உதவும்.

பழைய நூலகப் பொறுப்பு, ஹட்டன்:

மகள், நானுஓயாத் தம்பி சொன்ன அகராதியை வாங்கலாம், ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். பாவம் பிள்ளைகள்.

நான் ஒரு பாடசாலையில் 22 வருஷம் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். நூலகம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். இரண்டு இரும்பு அலுமாரி, சாவி அதிபரின் மேசையில். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும் என்று பூட்டியே வைத்திருந்தோம். மந்திரி யாராவது வந்தால் திறப்போம். நானும் அதில் ஒரு குற்றவாளிதான். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நனைந்த புத்தகங்களை எடுத்து வகுப்பறை வாங்குகளில் விரித்துக் காயப் போட்டோம். இரண்டு நாள் இடைவேளைக்கு ஒரு பிள்ளைகூட மைதானத்துக்குப் போகவில்லை. அப்பளம் காய்கிற இடத்தில் காக்கை நிற்கிற மாதிரி அந்த வாங்குகளைச் சுற்றியே நின்றார்கள். காய்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 11 புத்தகம் குறைகிறது.

அதிபர் சத்தம் போட்டார். எனக்கோ போனவை எவை என்று பார்க்கத்தான் ஆசை. நீதிக்கதை ஒன்றுகூடப் போகவில்லை. பேய்க்கதை, துப்பறியும் கதை, படக்கதை, அப்புறம் பாம்புகளைப் பற்றிப் படம் போட்ட ஒரு புத்தகம். அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த வருஷம் புத்தகம் வாங்கினேன்.

அதனால் வயதை அப்புறம் பார்ப்போம். தம்பி போனில் என்ன பார்க்கிறான்? சண்டை, சாகசம் என்றால் சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸைத் தேடுங்கள். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் தெரியும். நம் லயத்து வயரிங்கைப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு மாயாவி இருக்க வேண்டும். படக்கதை வாசிப்பு ஆகாது என்று சொல்கிறவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தீவு'. தமிழில் இருக்கிறது. உபாலி, ஜின்னா என்று இரண்டு பொடியன்கள். ஊரில் பண்ணாத அட்டகாசம் இல்லை. கடைசியில் ஓடிப்போய் ஆளில்லாத தீவில் காடு வெட்டிப் பயிர் வைக்கிறார்கள். தரம் 8இல் இதை நான் வாசித்துக் காட்டுவேன். சரியான இடம் வரும்போது மணி அடிக்கும், மூடிவிடுவேன். மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியான இடம் வருகிற மாதிரி நான் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது பிள்ளைகளுக்குத் தெரியாது.

சின்னவளுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பான்காரி, உண்மைக் கதை. ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் முதல் பள்ளிக்கூடம் அவளை அனுப்பிவிடுகிறது. அடுத்த பள்ளிக்கூடத்தில் வகுப்பறையெல்லாம் பழைய ரயில் பெட்டி! ஹட்டன் ஸ்டேசனில் பதுளை ரயிலைப் பார்த்த பிள்ளைக்கு இது போதாதா? அங்கே தலைமையாசிரியர் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பார். அதை வாசித்த அன்று என் வகுப்பில் எல்லாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும். ஒரு பிள்ளை எழுந்து, "மலை நம்மகிட்ட நிறைய இருக்கு சேர், கடல்தான் கருவாட்டுல கொஞ்சம்" என்றாள்.

9 வயதுக்குத் தானாக வாசிக்க அது நீளம்தான். ஆனால் அத்தியாயங்கள் சின்னவை. இராத்திரிக்கு இரண்டாக நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

கடையில் தடுமாறினால் முதல் பக்கத்தை உங்கள் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி வாசித்துப் பாருங்கள். நாக்கு தடக்கினால் வைத்துவிடுங்கள். "அன்புக் குழந்தைகளே" என்று தொடங்கினாலும் வைத்துவிடுங்கள். அண்ணிக்கு ஒரு வினாத்தாள் கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பண்டிகை நாளில் சண்டை எதற்கு?

கொட்டகலை டீச்சர்:

சின்னவள் சிங்களம் எழுத்துக்கூட்டுவாள்தானே? சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா' வாங்குங்கள் தங்கச்சி. பட்டணத்தில் குடை வாங்கி வருகிறவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் யாரோ திருடிவிடுகிறார்கள். பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும். திருடன் யாரென்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர் மழைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

பண்டாரவளை, உயர்தரம்:

அக்கா, தம்பியிடம் போனைப் பறிக்க வேண்டாம். 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள் காசில்லாமல் கிடக்கின்றன. நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை நான் 15 வயதில் போனில்தான் வாசித்தேன். பிரட்டு, கொழுந்து, கங்காணி, காம்பரா என்று எல்லாம் தோட்டத்துச் சொற்கள். வீட்டில் பேசுகிற சொல்லை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய 'எரியும் பனிக்காடு' பெரிய வகுப்புக்கு வந்த பிறகு கொடுக்கலாம், அது கனமானது. சேர் ஏன் நம் ஆட்கள் எழுதியதை ஒன்றுகூடச் சொல்லவில்லை?

பழைய நூலகப் பொறுப்பு, ஹட்டன்:

நல்ல கேள்வி மகள். ஜோசப் தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அட்டைக்கடியோடு மலை ஏறி வருகிற அம்மாவைத் தினமும் பார்க்கிற 14 வயதுப் பையனுக்கு முதல் புத்தகமாக அதையே கொடுக்க எனக்கு மனம் வராது. முதலில் அவன் கொஞ்சம் தீவுக்கு ஓடிப் போகட்டும். வாசிக்கிற பழக்கம் பிடித்தால் நீங்கள் சொன்ன இடத்துக்கு அவனே வருவான். உங்களுக்கு 15இல் சரியாக இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை.

மஸ்கெலியாக்காரி:

திரும்பிக் கொழும்புக்கு வந்துவிட்டேன். மடோல் தீவு, டோட்டோ-சான், காமிக்ஸ் ஒன்று, அண்ணிக்கு வினாத்தாள் கட்டு. குட ஹொரா அடுத்த சம்பளத்துக்கு.

டோட்டோ-சானை வாசித்துக் காட்ட முதல் நாள் ஒரே வெட்கம். இரண்டாம் இராத்திரி கரண்ட் போய்விட்டது. மருமகள் நிறுத்த விடவில்லை. தம்பிதான் போனில் லைட் அடித்தான், "எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். திடீரென்று, "அந்த வாத்தியாரு புள்ளைய ஏசவே இல்லையா?" என்று கேட்டார்.

மடோல் தீவை யாரும் இன்னும் தொடவில்லை. காமிக்ஸ் மூன்றாம் நாளே காணாமல் போய்விட்டது. மேல் லயத்தில் யாரிடமோ இருக்கிறதாம். சேர், பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது?